முதல் ஸ்மார்ட் பாண்ட்: யாழ்ப்பாணத்தில் நடக்கத் தொடங்குபவர் எதை வாங்கலாம்?

கிளினிக்கில் வைத்தியர் “நடவுங்கோ” என்று சொல்லியிருப்பார். அல்லது போன வருடம் தைத்த உடுப்பு இறுகத் தொடங்கியிருக்கும். அல்லது கூட வேலை செய்பவர் கையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருப்பார். காரணம் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: அடியையும் இதயத் துடிப்பையும் எண்ண மணிக்கட்டில் கட்டும் ஸ்மார்ட் பாண்ட் ஒன்றை முதன்முதலாக வாங்குவதென்றால் எதை வாங்குவது?

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் ஒன்றும் வாங்க வேண்டாம், கையில் இருக்கும் போனே போதும். அதற்குப் பிறகும் நடை தொடர்ந்தால் பெயர் தெரிந்த நிறுவனத்தின் ஆரம்ப விலைப் பாண்ட் ஒன்றை வாங்குங்கள். அது போன வருட மொடலாக இருந்தாலும் குறையில்லை. இரண்டு மூவாயிரத்துக்கு விற்கும் பெயரில்லாப் பாண்ட் வேண்டாம். பெரிய திரையோடு வரும் மலிவு வாட்சும் தொடக்கக்காரருக்கு அவசியமில்லை. வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் அனுப்புகிற பழைய வாட்ச் என்றால், சில விஷயங்களைப் பார்த்துவிட்டுத்தான் ஓம் என்று சொல்லலாம்.

போன் ஏன் முதலில்? சாம்சுங் போனில் சாம்சுங் ஹெல்த், ஐபோனில் ஹெல்த் என்று அடி எண்ணும் செயலி பெரும்பாலும் ஏற்கெனவே உண்டு, மற்ற அன்ட்ராய்டு போனுக்கு ஒன்றை இறக்கிக்கொள்ளலாம், காசும் இல்லை. போனைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டையைச் சுற்றியோ ஆரியகுளத்தைச் சுற்றியோ நடந்தால் அது எண்ணுகிற அடி பெரும்பாலும் நம்பக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் பெரியவர்களுக்குச் சொல்வது, கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர வேக உடற்பயிற்சி. கதைக்க முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கும் நடைதான் நடுத்தர வேகம். கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம் நடந்தால் 150 வந்துவிடும். இதைக் கணக்குப் பார்க்க ஒரு பாண்ட் தேவையே இல்லை, சுவர்க் கலண்டரில் பேனையால் குறித்தாலும் சரி.

போனின் பலவீனம் வீட்டுக்குள் தெரியும். சாரத்தோடு நிற்கிற ஆண்களும், பை இல்லாத சட்டையோடு சமையலறைக்கும் கிணற்றடிக்கும் இடையில் நாள் முழுக்க நடக்கிற பெண்களும் போனை உடம்போடு வைத்திருப்பதில்லை. அது மேசையில் கிடக்கும், அந்த அடிகளெல்லாம் கணக்கில் வராது. ஒரு மாதம் நடந்த பிறகு, “என் நாளின் பாதி இதில் இல்லையே” என்று தோன்றினால் அப்போது பாண்ட் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டு கிழமையில் நடையே நின்றுபோனால், பாண்டுக்குப் போகவிருந்த பன்னிரண்டாயிரம் ரூபாய் மிச்சம்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரை ஆரம்பத்திலேயே சோர வைப்பது அதுதான். அது ஆய்வுகூடத்தில் இருந்து வந்த எண் அல்ல. 1965 அளவில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரில் இருந்து பரவியது. சராசரி 72 வயதான அமெரிக்கப் பெண்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு வீதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் போனபோது கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே இப்போது 3,000 நடக்கிற ஒருவர் 4,500க்கு வந்தால் அதுவே நல்ல முன்னேற்றம். எந்தப் பாண்டை வாங்கினாலும் முதல் வேலையாக அதன் இலக்கைப் பத்தாயிரத்தில் இருந்து கீழே இறக்குங்கள்.

கையில் கட்டுவது எதை எண்ணுகிறது?

விலையைப் பார்க்கும் முன்னர் இதை விளங்கிக்கொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். பாண்டுக்குள் அசைவை உணரும் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. நடக்கும்போது கை வீசுகிற தாளத்தை வைத்துத்தான் அது அடியை எண்ணுகிறது. காலை அது பார்ப்பதில்லை.

இதனால் எங்கள் ஊரில் சில விசித்திரங்கள் நடக்கும். சைக்கிளில் நல்லூரில் இருந்து திருநெல்வேலிக்கு மிதித்துப் போய் வாருங்கள், உடம்பு வியர்த்துக் கொட்டும். ஆனால் இரண்டு கையும் ஹாண்டிலில் அசையாமல் இருந்ததால் பாண்டில் அடி ஏறாது. ஒரு கையில் குடை பிடித்து நடந்தால், அந்தக் கையில் பாண்ட் இருந்தால், குறைத்துக் காட்டும். மறுபக்கம், இருந்த இடத்தில் தேங்காய் திருவினாலோ உடுப்புத் தோய்த்தாலோ சில நூறு அடி சும்மா ஏறலாம். குண்டும் குழியுமான உள்வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடினாலும் அப்படித்தான். விலை கூடிய பாண்டுகள் இந்தப் பொய் அசைவுகளைக் கூடுதலாக வடிகட்டும், முற்றாக அல்ல.

இந்தப் பிழை பெரிய குறையாக எனக்குப் படவில்லை. நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிடத்தான் பாண்ட். ஒரே பாண்டை ஒரே கையில் கட்டினால் அதன் பிழையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், கூடியதா குறைந்ததா என்பது சரியாகத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடும்போதுதான் சிக்கல். சைக்கிள் உங்கள் முக்கிய ஓட்டம் என்றால் அடியைப் பார்க்கவே வேண்டாம். பாண்டில் சைக்கிள் பயிற்சியைத் தொடங்கிவிட்டு ஓடுங்கள். நேரமும் இதயத் துடிப்பும் பதிவாகும், கிழமைக்கான 150 நிமிடத்தில் அது சேரும்.

இதயத் துடிப்பை அளப்பது பின்பக்கத்துப் பச்சை வெளிச்சம். தோலுக்கு அடியில் ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தத்தின் அளவு மாறும்போது திரும்பி வரும் வெளிச்சமும் மாறுகிறது, அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அது எண்ணுகிறது. பட்டி தளர்வாக இருந்தால், கை வேகமாக ஆடினால், வியர்வையில் வழுக்கினால் எண் பிழைக்கும். காப்பு போட்ட கையில் கட்டினால் காப்பு இடித்து இடித்துப் பாண்டை நகர்த்திக்கொண்டே இருக்கும். ஆகவே மற்றக் கையில், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, இறுக்கமும் தளர்வும் இல்லாமல் கட்ட வேண்டும்.

கலோரி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகள் ஐந்து வீதத்துக்குள் சரியாக இருந்தன. செலவான சக்தியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 வீதம் பிழைத்தது. அவை மலிவுக் கருவிகளும் அல்ல. “400 கலோரி எரித்துவிட்டேன்” என்று கொத்து ரொட்டிக் கடைக்குப் போகிறவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பெயரில்லாத மலிவுப் பாண்ட்

நகரத்தில் போன் உறை விற்கும் கடைகளிலெல்லாம் இது தொங்கும். பார்வைக்குப் பிரபல பாண்டைப் போலவே இருக்கும். பெட்டியில் பிறஷர், ஒக்சிசன், சில பெட்டிகளில் சீனி கூட அளக்கும் என்று அச்சடித்திருக்கும். அங்கே அடிக்கடி கேட்கிற உரையாடல் இது:

“தம்பி, இது பிறஷரும் பார்க்குமோ?”

“ஓம் அன்ரி, எல்லாம் பார்க்கும்.”

திரையில் ஒரு எண் வரும் என்பது உண்மைதான். ஆனால் காற்று நிரம்பும் பட்டி இல்லாமல் வெறும் வெளிச்சத்தை வைத்து பிறஷரைச் சொல்வது விலை உயர்ந்த கருவிகளுக்கே கடினமான வேலை. அப்படிச் செய்கிறவையும் உண்மையான பிறஷர் மெஷினோடு அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கின்றன. சீனியைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லை. தோலைக் குத்தாமல் தானாகவே சீனியை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தது. சீனி வருத்தம் உள்ள ஒருவர் இப்படி ஒரு எண்ணைப் பார்த்து மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டிக் குறைத்தால் அது உயிர் ஆபத்து. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் பாண்டுகளை வயதானவர்களுக்குப் பரிசாக வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடி எண்ணுவதற்கு மட்டும் என்றால்? பரவாயில்லை என்று சொல்லலாம், ஆனால் நிச்சயமில்லை. ஒன்று நன்றாக எண்ணும், அதே பெட்டியில் வந்த இன்னொன்று எண்ணாது. உடைந்தால் பட்டியும் சார்ஜரும் தேடுவது கஷ்டம். அடி மட்டும்தான் வேண்டும் என்றால் போனே அதைவிடச் சரியாகச் செய்கிறது.

இதயத் துடிப்பு உண்மையாக அளக்கப்படுகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாண்டைத் துணிச்சுருளில் சுற்றிப் பார்க்கும் வித்தை இணையத்தில் பிரபலம், அதை நம்ப வேண்டாம். நல்ல பாண்டே துணியில் சிலவேளை ஏதாவது எண் காட்டும். அதற்குப் பதிலாக, கதிரையில் ஐந்து நிமிடம் இருந்து மணிக்கட்டு நாடியை விரலால் பிடித்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பாண்டோடு ஒப்பிடுங்கள். அப்புறம் மாடிப்படியில் இரண்டு முறை வேகமாக ஏறி இறங்கி மறுபடி பாருங்கள். உங்கள் நெஞ்சு படபடக்கும்போதும் பாண்ட் 76, 78 என்று சொன்னால் அது அளக்கவில்லை.

பெயர் தெரிந்த ஆரம்ப விலைப் பாண்டுகள்

என் தெரிவு இந்தப் பிரிவில்தான். விலை டொலரோடு ஏறி இறங்கினாலும், பத்தாயிரத்தை அண்டியும் அதற்குச் சற்று மேலேயும் வருபவை இவை. ஷவோமி 2014இல் முதல் மி பாண்டைக் கொண்டுவந்தபோது அதில் திரையே இல்லை. பத்து வருடத்தில் அதே வகைப் பாண்டில் வண்ணத்திரை, தொடர் இதயத் துடிப்பு, ஒக்சிசன், நித்திரைப் பதிவு எல்லாம் வந்துவிட்டன. ஒரு மொடலுக்கும் அடுத்த மொடலுக்கும் இடையில் தொடக்கக்காரர் உணரும் வித்தியாசம் இப்போது மிகக் குறைவு. போன வருட மொடல் போதும் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஷவோமி ஸ்மார்ட் பாண்ட் 9, அதன் மலிவுத் தம்பியான 9 அக்டிவ், ஹுவாவே பாண்ட் 9 மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மூன்றுமே 2024இல் வந்தவை. நீரைத் தாங்கும் அளவிலும் மூன்றும் ஒன்றுதான், நீந்தலாம். எங்கள் ஊருக்கு முக்கியமான வித்தியாசம் திரை. பாண்ட் 9இலும் ஹுவாவேயிலும் இருப்பது வெயிலிலும் பளிச்சென்று தெரியும் அமோலெட் திரை, அக்டிவில் அந்த அளவுக்குத் தெரியாத சாதாரண எல்சிடி. பங்குனி சித்திரை வெயிலில், காலை எட்டு மணிக்கே கண் கூசும் பண்ணைப் பாலத்தில் நின்று நேரம் பார்க்கும்போது எந்தத் திரை என்பது தெரிந்துவிடும். ஷவோமி பாண்ட் 9இன் திரை 1,200 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் கொடுக்கும், வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகவே கூட்டிக் குறைக்கும். விடிய ஐந்து மணிக்கு நடந்து ஆறரைக்கு வீடு வந்துவிடுகிறவருக்கு இந்த வித்தியாசம் தேவையில்லை, அக்டிவ் போதும், காசும் மிச்சம். பின்னேரம் நாலரைக்கு வெளிக்கிடுகிறவர் அமோலெட்டுக்குக் காசு கொடுக்கலாம்.

பட்டியும் பார்க்க வேண்டிய விஷயம். ஷவோமியில் 8, 9, 10 மூன்றுக்கும் பட்டி ஒன்றுக்கொன்று பொருந்தும், அக்டிவுக்கு வேறு வகை. எங்கள் வெக்கையிலும் வியர்வையிலும் சிலிக்கன் பட்டி ஒரு வருடத்தில் நிறம் மாறி மணக்கத் தொடங்கும். மாற்றுப் பட்டி உள்ளூரில் கிடைக்கிறதா என்று வாங்கும் அன்றே கேளுங்கள்.

பாற்றரியில் ஷவோமி பாண்ட் 9க்கு 21 நாள், அக்டிவுக்கு 18, ஹுவாவேக்கு 14 என்று நிறுவனங்கள் சொல்கின்றன. தொடர் அளவீடுகளையும், திரை எப்போதும் எரியும் வசதியையும் போட்டுவிட்டால் இதெல்லாம் நன்றாகவே குறையும். ஆனாலும் கிழமைக்கு ஒரு தடவை சார்ஜ் என்பது எவருக்கும் சுமையில்லை.

ஹுவாவேயில் ஒரு சிரமம் உண்டு. அன்ட்ராய்டு போன் வைத்திருப்பவர் அதன் ஹெல்த் செயலியின் புதிய பதிப்பை கூகுள் பிளேயில் எடுக்க முடியாது, ஹுவாவேயின் சொந்தத் தளத்தில் இருந்து இறக்க வேண்டும். தொழில்நுட்பம் பழக்கமில்லாத அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வாங்குவதென்றால் இந்த ஒரு காரணத்துக்காக நான் ஷவோமி பக்கம் சாய்வேன். ஐபோன்காரருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவர்களுக்கு ஹுவாவே பாண்ட் 9 மிக நல்ல தெரிவு, பட்டி இல்லாமல் 14 கிராம்தான் எடை, இரவில் கட்டிக்கொண்டு படுத்தாலும் உறுத்தாது.

செய்மதியை வைத்து இடத்தையும் தூரத்தையும் கணிக்கும் ஜீபிஎஸ் இந்த விலையில் பெரும்பாலும் உள்ளே இருக்காது. தூரம் சரியாக வேண்டும் என்றால் போனையும் கொண்டுபோக வேண்டும். தனியே ஜீபிஎஸ் உள்ள கருவிக்கு இரண்டு மடங்கு காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்டால், நடப்பவருக்கு வேண்டாம் என்பேன். எப்படியும் போன் இல்லாமல் ஒருவரும் வெளிக்கிடுவதில்லை. எத்தனை மாடி ஏறினீர்கள் என்று சொல்லும் உயரமானியும் மட்டமான எங்கள் குடாநாட்டில் வீண் செலவு.

பெரிய திரை வாட்சும் வெளிநாட்டு வாட்சும்

பாண்டின் விலையிலேயே, கையிலேயே போன் கதைக்கலாம் என்று விற்கப்படும் சதுர வாட்சுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரை பெரிது, எழுத்து பெரிது. கண் பார்வை குறைந்தவருக்கு அது உண்மையான நன்மை. ஆனால் காசு திரைக்கும் ஸ்பீக்கருக்கும் போய்விடுகிறது. பாற்றரி சில நாட்கள்தான், இரவில் கட்டிக்கொண்டு படுக்கவும் பாரம்.

வெளிநாட்டில் இருந்து வருவது வேறு கதை. கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வரும் மச்சானோ சித்தியோ தான் பாவித்த ஃபிட்பிட்டையோ அப்பிள் வாட்சையோ கழற்றிக் கொடுப்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். கருவி நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அப்பிள் வாட்ச் ஐபோன் இல்லாமல் இயங்காது, ஏறக்குறைய நாளுக்கொரு தடவை சார்ஜ் கேட்கும். கொடுத்தவர் தன் கணக்கில் இருந்து அதை விடுவிக்காமல் விமானம் ஏறிவிட்டால் பூட்டியபடியே கிடக்கும். ஃபிட்பிட்டை 2021இல் கூகுள் வாங்கிவிட்டது, அதற்கு இனி கூகுள் கணக்கு வேண்டும். சில விரிவான வசதிகளுக்கு மாதக் கட்டணமும் உண்டு. அதன் சார்ஜர் மொடலுக்கு மொடல் மாறும், தொலைந்தால் இங்கே தேடி அலைய வேண்டும். ஆகவே அவர்கள் ஊரில் நிற்கும்போதே, அவர்கள் முன்னிலையில், பழைய கணக்கை நீக்கி உங்கள் போனோடு இணைத்து, சார்ஜரையும் கையில் வாங்கிவிடுங்கள். அது நடந்தால் கடைக்குப் போகவே தேவையில்லை.

கடையில் நிற்கும்போது

பெட்டியில் சீன எழுத்து மட்டுமே இருந்தால் அது சீனாவுக்கான பதிப்பா, உலகச் சந்தைக்கான பதிப்பா என்று கேளுங்கள். வாரண்டி கடையினதா, இலங்கை முகவரினதா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். பழுதானால் பாண்டைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

மற்றது, தமிழ். கூட வந்தவரிடம் சொல்லி உங்கள் வாட்ஸ்அப்புக்குத் தமிழில் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். சில பாண்டுகளில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாக வரும், சிலவற்றில் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். பிள்ளைகள் தமிழில் செய்தி அனுப்பும் பெற்றோருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் செயலியில் உயரத்தையும் எடையையும் சரியாகப் போடுங்கள், எந்தக் கையில் கட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தூரக் கணக்கும் கலோரிக் கணக்கும் இதில்தான் தொங்குகின்றன. இரண்டு நாளில் பாண்ட் போனோடு இணையாமல் நின்றால் பாண்டைக் குறை சொல்லாமல் போனின் பாற்றரி அமைப்பைப் பாருங்கள். பல அன்ட்ராய்டு போன்கள் பின்னால் ஓடும் செயலியை மூடிவிடுகின்றன, அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும். கசூரினாக் கடலில் இறங்கினால் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், உப்பு சார்ஜ் முனைகளை அரித்துவிடும்.

கடைசியாக, பிறஷர் உள்ளவர்களுக்கு. உங்களிடம் இருப்பது ஒரே பன்னிரண்டாயிரம் என்றால், வீட்டில் இன்னும் பிறஷர் மெஷின் இல்லை என்றால், பாண்டை விட்டுவிட்டு மேற்கையில் கட்டும் தானியங்கி மெஷின் ஒன்றை வாங்குங்கள். காலையில் மாத்திரைக்கு முன்னும் பின்னேரமும் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு அளந்து, கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். வைத்தியர் மருந்தின் அளவைத் தீர்மானிக்க அந்தக் கொப்பி உதவும். அடி எண்ணுவதைப் போன் பார்த்துக்கொள்ளட்டும், பாண்ட் அடுத்த வருடப் போனஸில் வரட்டும்.